பதினொரு இலை

1978 மார்ச் 3, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐம்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் குழுவின் அதிகாரி வைத்திருந்த வெப்பமானி நிழலில் இருபத்தொன்பது காட்டியது. ஜவ்வாது மலையில் நாற்பத்தொரு வீடுகள் உள்ள ஓர் ஊரின் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று நான் ஓர் எண்ணைச் சொன்னேன். பதினொன்று என்றேன்.

அது சரியான எண். என் கையிலிருந்த பட்டியலில் பதினொரு பெயர்தான் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். என் கூட்டலில் பிழை வந்த இடங்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அந்தப் பிழைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. இந்தச் சரியான எண் மட்டும் போகமாட்டேன் என்கிறது. எழுபத்தெட்டு வயதில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுகூட வந்து நிற்கிறது.

மலையில் உள்ள சந்தன மரங்களை எண்ணி வரச் சொல்லி வனத்துறையில் ஒரு குழுவை அனுப்பினார்கள். அதற்கு நான் எழுத்தர். ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் நாடா பிடித்து அளந்து, தார் பூசி எண் போட்டு, அந்த எண்ணை நான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிப்ரவரி 13 அன்று ஒடுகத்தூரிலிருந்து புறப்பட்டோம். அதிகாரி ஒருவர், நான், காவலர்கள் இரண்டு பேர், அளவு பிடிப்பவர்கள் இரண்டு பேர், சமையல்காரர் ஒருவர், சுமை தூக்குபவர்கள் மூன்று பேர், மொழி உதவியாளர் ஒருவர். கூட்டிப் பார்த்தால் பதினொன்று.

மலையில் பேசுவதும் தமிழ்தான். அதற்கு எதற்கு மொழி உதவியாளர் என்று நானும் முதலில் கேட்டேன். அதிகாரி வடக்கே இருந்து வந்த இளைஞர். இருபத்தேழு வயது. அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும், அதில் இரண்டு சாப்பாடு சம்பந்தப்பட்டவை. அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்லிவிடுவேன். ஆனால் என் தமிழ் திருப்பத்தூர் அலுவலகத் தமிழ். மலைக்காரர்கள் அதைக் காதில் வாங்குவார்கள், பதில் வராது. காக்கி உடையைக் கண்டால் ஊரே காட்டுக்குள் போய்விடும். அதனால் மலையோடு பழக்கம் உள்ள ஒருவர் வேண்டும் என்று ஒடுகத்தூர் கடுக்காய் வியாபாரி ஒருவரை நாளுக்கு ஏழு ரூபாய்க்கு அமர்த்தினார்கள். மலையில் கடுக்காய் வாங்கி வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்கு அனுப்புகிறவர். நாற்பது வயது, நல்ல வாய், எப்போதும் வெற்றிலை.

அவர் முதல் நாளே தன் மனைவியையும் எட்டு மாதப் பெண் குழந்தையையும் கூட்டி வந்துவிட்டார்.

“எதுக்குய்யா இவங்க?” என்றேன்.

“எனக்கு சோறு ஆக்கத்தான் ரைட்டர் சார். உங்க சமையக்காரன் ஆக்குறது என் வவுத்துக்கு ஆவாது. அது பாட்டுக்கு வரும், போவும். கெவுர்மென்ட்டுக்கு ஒரு பைசா செலவு கெடையாது.”

செலவு இல்லாத ஆளைப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. நான் எழுதவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மலையில் பிறந்தவர். வியாபாரிக்கு ஒடுகத்தூரில் ஏற்கெனவே ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கடுக்காய் எடுக்கும் பருவத்தில் இந்தப் பெண்ணின் ஊரில் போய்த் தங்கித் தங்கி, ஒரு வருடம் மூட்டைகளோடு இவரையும் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டார். மலையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் போட வேண்டும். பரிசம் போடாமல் போன பெண்ணுக்கு ஊர் இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. நூற்றொரு ரூபாய் தண்டம் கட்டினால்தான் அது தீரும்.

இதைப் பற்றி வியாபாரியிடம் ஒரு நாள் கேட்டேன்.

“பரிசம் போடாம இன்னா சார்? அஞ்சு வருசமா அவங்க ஊருக்கு உப்பு நான்தான் கொண்டாந்து போட்டேன். அத்த கணக்கு பண்ணா நாலு பொண்ணு குடுக்கணும் அவனுங்கோ” என்று சிரித்தார்.

முதல் ஊருக்குள் நாங்கள் நுழைந்தபோது பதினேழு கோழிகள் இருந்தன, மனிதர் ஒருவரும் இல்லை. வியாபாரி கையைக் குவித்துக் கூப்பிட்டார். என்னென்னவோ உறவு சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்துக்கொண்டே யாரையும் பார்க்காமல், சாமை இந்த வருடம் எப்படி என்று காட்டைப் பார்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் பக்கம் மழை பிந்திவிட்டது என்று தானே சொன்னார். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு கிழவர் புதர்களை விலக்கிக்கொண்டு வந்து, “இங்கயும் பிந்திப் போச்சி” என்றார். அவருக்குப் பின்னால் ஊர் வந்தது.

கைக்குழந்தையோடு ஒருத்தி முன்னால் நடந்தால் வருகிறவர்கள் சோதனை போட வந்தவர்கள் இல்லை என்று அர்த்தம். மறுநாளிலிருந்து அவர் நூறடி முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஊர்கள் ஓடவில்லை.

கேள்வி போய் வருகிற விதம் இப்படி. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் வியாபாரியிடம் சொல்வேன். அவர் மனைவியைப் பார்த்து, “இந்தாமே, கேளு” என்பார். அந்தப் பெண் ஊர்க்காரரிடம் கேட்பார். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஆறு நிமிடம் ஆனது. நான்கு நாள் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்தேன். இங்கே மரம் வெட்டினார்களா என்று அதிகாரி கேட்டால், அந்தப் பெண் முதலில் ஆடு குட்டி போட்டதா என்று விசாரிப்பார். கிணறு, காய்ச்சல், போன வருடம் இறந்தவர்கள். எல்லாம் முடிந்து கடைசியில் என்னைப் பார்த்து, “வெட்டினாங்களாம் சார், ரெண்டு. பொங்கலுக்கு முன்ன” என்பார்.

“இவ்வளவு நேரம் பேசியது இதுதானா?” என்று அதிகாரி என்னிடம் கேட்பார்.

“இவ்வளோ நேரம் பேசினது இதுதானாம்மா?”

“மீதி உங்களுக்கு வோணாம் சார். அது எங்களுது.”

ஆனால் மரத்தைப் பற்றி அவர் சொன்ன எண் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இரண்டு என்றால் இரண்டு அடிக்கட்டை நின்றது. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஊர்க்காரர் அதிகாரியைத் திட்டினால் அந்தத் திட்டையும் அப்படியே சொல்லிவிடுவார். அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது நான்தான் கொஞ்சம் பூசி மெழுகுவேன்.

தினமும் காலையில் புறப்படும்போது ஆட்களைச் சத்தமாக எண்ணுவது என் வழக்கம். காட்டில் ஒருவர் தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நான் பதினொன்று என்று முடித்ததும் அந்தப் பெண், “பன்னெண்டு” என்றார். குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டி, “பதிமூணு” என்றார். சுமை தூக்குபவர்கள் சிரித்தார்கள்.

“பட்டியல்ல இருக்கிறத எண்றேம்மா நான்.”

“பட்டியல்ல இல்லாதவ காணாப் போனா தேட மாட்டீங்களா சார்?”

“அதெல்லாம் தேடுவோம்.”

“எண்ணாம எப்படி சார் தெரியும், காணாப் போனது?”

அப்போது நான் காற்றில் பதிவேட்டின் தாள் பறக்கிறதே என்ற கவலையில் இருந்திருப்பேன். எனக்குக் கவலைக்கா பஞ்சம். மைப்புட்டி சாயுமா, விளக்குக் கண்ணாடி உடையுமா, புழுங்கலரிசிச் சோறு வேகாமல் வயிற்றைப் பிடிக்குமா. தினம் ஒரு புதுக் கவலை.

ஒரு மாலை, ஓடைக்கரையில் நான் பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணி இருக்கும். அவர் பாத்திரம் கழுவ வந்தார். குழந்தை முதுகுத் துணியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“சார், பத்தொம்பதாவது நாளு எந்த ஊருன்னு அந்தப் புக்குல போட்டிருக்குதா?”

போட்டிருந்தது. சொன்னேன்.

“அது எங்க ஊரு சார். எங்கம்மா அங்க கீது. மூணு வருசமாச்சி பாத்து. நெஞ்சுல தண்ணி கோத்துக்கினு படுத்துக்கினு கீதாம். சந்தைக்கு வந்தவங்க சொன்னாங்க. அத்தப் பாக்கத்தான் சார் வர்றேன். இவருக்கு சோறு ஆக்கறதுக்கா மல ஏறுவாங்க?”

“உள்ள விடுவாங்களா?”

“பாக்கலாம் சார். அண்ணன்தான் இப்ப ஊர்க்கவுண்டன்.” கொஞ்ச நேரம் சட்டியைத் தேய்த்தார். “உங்க வூட்ல யாருங்க சார் இருக்காங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

“அப்ப எண்றது சுலபம்.” சொன்ன பிறகு தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

அவர் தவறாகச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஏழு மாதம் மனைவி என்னோடு இருந்தாள். பிறகு தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அரிசி டப்பாவின் உள்ளே பென்சிலால் கோடு போட்டு வைக்கும் ஆளோடு எப்படி இருப்பது என்று தன் அக்காவிடம் கேட்டாளாம். அந்த டப்பாவில் கோடு போட்டது உண்மைதான். எறும்பு தின்கிறதா, மனிதர் தின்கிறார்களா என்று தெரிய வேண்டாமா என்று அப்போது நினைத்தேன். வந்து அழைத்துப் போகச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. விடுப்பு நாள் மீதம் நான்கு இருந்தது. அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பொங்கலுக்குப் போகவில்லை. மலையில் பரிசம் திருப்பிக் கொடுத்தால் கல்யாணம் தீர்ந்துவிடும், இரண்டு பேரும் வேறு வழி பார்க்கலாம். எங்கள் பக்கம் எதுவும் தீர்வதில்லை. திருப்பத்தூரில் வாடகை அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் ஒரு வழக்கம். வெளியாட்கள் கூட்டமாக வந்தால் ஊர்க்கவுண்டர் எல்லைக்கல் வரை வந்து, எத்தனை பேர் என்று கேட்பார். வந்தவர்களின் பொறுப்பாளி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கைக்குத் தைத்த இலை போடுவார்கள். இலை போட்டுவிட்டால் அதில் உட்காருகிறவர் அன்றைக்கு ஊரின் விருந்தாளி. அவர் யார், எந்தக் குற்றம் செய்தவர் என்று யாரும் கேட்கக்கூடாது. சாயங்காலம் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போகும்வரை அந்த இலை அவரைக் காக்கும். சொன்ன எண்ணைப் பிறகு கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது.

அதாவது, அந்தப் பெண் தண்டம் கட்டாமலே தன் தாயைப் பார்க்க ஒரு வழி இருந்தது. யாராவது அவரை எண்ண வேண்டும். அவர் தன்னைத் தானே எண்ணிக்கொள்ள முடியாது, எண்ணச் சொல்லிக் கேட்கவும் கூடாது. அண்ணனும் எண்ண முடியாது. பத்தொன்பது நாளாகத் தினமும் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த ஒருவன் பக்கத்திலேயே இருந்தான்.

பத்தொன்பதாம் நாள் காலை நாங்கள் எல்லைக்கல்லை அடைந்தோம். முழங்கால் உயரக் கல். மேலே மஞ்சள் பூசியிருந்தது. இருபதடி தூரத்தில் ஊர்க்கவுண்டர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது, ஒல்லி, தோளில் துண்டு. காலடியில் ஒரு செந்நாய் நிறத்து நாய். அந்தப் பெண் கல்லுக்கு இந்தப் பக்கம், அதைத் தொடாமல் நின்றார். ஊர்விலக்கான தங்கையோடு அண்ணன் பேசக்கூடாது. ஆனால் எங்களோடு பேச வேறு வாயும் இல்லை. அதனால் அவர் நாயோடு பேசினார்.

“ஏ நாயே, வந்திருக்கிறவங்க இன்னா வேலையா வந்தாங்கன்னு கேளு.”

நாய் வாலை ஆட்டியது. அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, “இன்னா வேலையா வந்தீங்கன்னு கேக்கறாரு சார்” என்றார்.

அதிகாரி சொன்னார், நான் சொன்னேன், வியாபாரி தலையாட்டினார். அந்தப் பெண் நாயைப் பார்த்து, “மரம் எண்ண வந்திருக்காங்க. வெட்ட வரல. சாயங்காலம் போய்டுவாங்க” என்றார்.

“நாயே, கொழந்த யாருது?”

“இவருது. எட்டு மாசம்.”

“பொண்ணா?”

“பொண்ணு.”

“பேரு வெச்சாச்சா?”

“மாமன் மடியில உக்கார வெச்சி வைக்கணும்னு வெக்கல.”

இதை எங்களுக்கு அவர் பெயர்த்துச் சொல்லவில்லை. எனக்கு நேராகவே புரிந்தது. ஊர்க்கவுண்டர் கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அதிகாரி என்னிடம், இந்த மனிதருக்கு மனநிலை சரியில்லையா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது, இது இங்கே வழக்கம் போலிருக்கிறது என்றேன்.

பிறகு அவர் நாயை விட்டு நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்தார்.

“எண்றவரு அவருதான? எத்தன பேருன்னு அவர கேளு.”

“எத்தன பேருன்னு கேக்கறாரு சார்” என்றார் அந்தப் பெண். அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

நான் பட்டியலைப் பிரித்தேன். காற்று தாளை மடக்கியது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். “பதினொன்று” என்றேன்.

அவர் அண்ணன் பக்கம் திரும்பி, “பதினொண்ணு” என்றார்.

“நல்லா பாத்து சொல்லச் சொல்லு. எண்ணி சொல்லச் சொல்லு.”

“நல்லா பாத்து, எண்ணி சொல்லச் சொல்றாரு சார்.”

என் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வரும். பெயர் பெயராக விரல் வைத்து இரண்டாம் தடவை எண்ணினேன். பட்டியலை உயர்த்திக் காட்டினேன். “பதினொன்றுதான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.”

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நொடி இருக்கலாம். பிறகு அண்ணனிடம் சொன்னார். “பதினொண்ணுதானாம். ஒண்ணு கூடாதாம், ஒண்ணு கொறையாதாம்.”

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். நாங்கள் பதினொரு பேரும் கல்லைத் தாண்டி உள்ளே போனோம். வியாபாரி குழந்தையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார். பரிசம் போடாதவர், ஆனால் பட்டியலில் பெயர் இருந்தது. கைக்குழந்தைக்கு இலை கணக்கு இல்லை.

ஊர்க்கவுண்டர் வீட்டு முற்றத்தில் ஈரத்துணி போட்டு மூடிய முறத்தில் தைத்த இலைகள் இருந்தன. கவுண்டரின் மனைவி எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். பதினொன்று போட்ட பிறகு முறத்தில் ஒன்று மிஞ்சியது. நான் எண்ணியிருந்ததால், “ஒரு இலை அதிகம் தைச்சிட்டாங்க போல” என்றேன். ஊர்க்கவுண்டர் அந்த இலையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து முறத்திலேயே வைத்தார். நாய் அங்கேயும் வந்திருந்தது. அதனிடம், “அவருக்கு எண்ணத் தெரியும்” என்றார்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். நன்றாக இருந்தது என்றுதான் அன்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். உள்ளே, கதவு நிலைக்குப் பக்கத்தில், போர்த்திக்கொண்டு ஒரு அம்மா சாய்ந்திருந்தார். வியாபாரி குழந்தையை அவர் மடியில் வைத்தார். அவர் குழந்தையின் விரல்களைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், பிறகு கண்ணை எடுத்து எங்கள் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் இருந்தவன் நான். என்னைத் தாண்டியும் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் குழந்தை பசிக்கு அழுதது. பசும்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. வியாபாரி அதைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று நாங்கள் அந்த ஊரில் ஏழு மணி நேரம் இருந்தோம். இருநூற்றுப் பதினான்கு மரங்கள். எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஊர்க்காரரைக் கூட்டிக்கொண்டு கல்லுக்குப் போனோம். அந்தப் பெண் கல்லுக்கு அந்தப் பக்கம் இலந்தைப் புதரின் நிழலில் உட்கார்ந்து, கேட்டதைச் சொன்னார்.

மறுநாள் நடக்கும்போது வியாபாரி என் பக்கத்தில் வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “ரைட்டர் சார், பன்னெண்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா இது உள்ள வந்து அம்மாவ பாத்திருக்கும்.” இலை வழக்கத்தை அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

“ஏன்யா, முன்னாடியே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“என்னையே உள்ள விடுவானான்னு பயந்துக்கினு இருந்தேன் சார். அதுல இது வேறயா? நம்ம பேரு பட்டியல்ல இருந்துச்சி, தப்பிச்சிக்கினேன்.”

நான் வேகமாக நடந்து அந்தப் பெண்ணை எட்டிப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

“ஏம்மா, நான் பதினொன்றுன்னுதான் சொன்னேன். நீ உங்க அண்ணங்கிட்ட பன்னெண்டுன்னு சொல்லியிருக்கலாமே. எனக்கு எங்க தெரியப் போவுது?”

அவர் நின்றார். “நீங்க சொன்னதத்தான சார் நான் சொல்லணும். இத்தன நாளா சனங்க காட்ட வுட்டு வெளிய வந்தது அத்த நம்பித்தான?”

“திரும்பிப் போய் மாத்திச் சொன்னா?”

“சொன்ன கணக்க மாத்த முடியாது சார். வுடுங்க. வெயிலு ஏறுது.”

மறுபடி நூறடி முன்னால் போய்விட்டார். அதன் பிறகு மூன்று நாள் காலையில் நான் எண்ணியபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் பன்னிரண்டு என்று சொல்லமாட்டாரா என்று நான் காத்திருந்து, பிறகு பட்டியலை மடித்தேன்.

மார்ச் 7, செவ்வாய்க்கிழமை, ஒடுகத்தூரில் கூலி கொடுத்தேன். வியாபாரிக்கு இருபத்து மூன்று நாளைக்கு நூற்று அறுபத்தோரு ரூபாய். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பிறகு என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அனுமதி இல்லாத ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதினேன். பன்னிரண்டு. மொழி உதவியாளருக்குத் துணை. முழுக்கூலி எழுதினால் தணிக்கையில் கண்ணில் படும் என்று பயந்து பாதிக்கூலி எழுதினேன். நாளுக்கு மூன்று ரூபாய் ஐம்பது காசு. இருபது காசு ரெவின்யூ ஸ்டாம்பு வியாபாரியோடு தீர்ந்துவிட்டது. என் சட்டைப் பையிலிருந்து காசு கொடுத்து ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அந்தப் பெண் அதன்மேல் கட்டை விரலை வைத்தார். பணத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“இன்னாமே, எனக்குத் தெரியாம உத்தியோகமா?” என்றார் வியாபாரி.

“ஆமா. உங்க சோத்த இனிமே நீங்களே ஆக்கிக்குங்க” என்றார் அந்தப் பெண். என்னைப் பார்த்து, “தண்டத்துக்கு ஆவும் சார்” என்றார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

1980 தை மாதத்தில் வேறு வேலையாக ஒடுகத்தூர் சந்தைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். கோணியின் மேல் புளி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை நின்றுகொண்டு புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது. வியாபாரி வாணியம்பாடிப் பக்கமே இருந்துவிட்டாராம்.

“அம்மாவைப் பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார்.” தராசைக் கீழே வைத்தார். “நீங்க குடுத்ததுல தண்டத்துக்கு இருபது ரூபா அம்பது காசு கொறைச்சலா இருந்துச்சி. புளி ஒடைச்சி சேத்துக்கினு இருந்தேன். ஆடி பொறந்துடுச்சி. அம்மா போயிடுச்சின்னு சேதி வந்துச்சி. போயி கல்லுக்கு இந்தாண்ட நின்னேன். எங்க ஊர் சுடுகாடு கல்லுக்கு வெளியதான சார் கீது. எல்லக்கல்லத் தாண்டி அம்மாதான் எங்கிட்ட வந்துச்சி. இருபது தப்படி தள்ளிப் பின்னாடியே போனேன். எண்ணிக்கினே போனேன் சார், உங்களாட்டம்.”

முழுக்கூலி எழுதியிருந்தால் நூற்று அறுபத்தோரு ரூபாய். தண்டம் போக அறுபது ரூபாய் மிஞ்சியிருக்கும். மார்ச் மாதமே போயிருப்பார். நான் நின்றுகொண்டே இந்தக் கணக்கைப் போட்டதை அவர் பார்த்துவிட்டார்.

“வுடுங்க சார். புளி வோணுமா?”

ஒரு ஆளுக்கு ஒரு கிலோ ஐந்து மாதம் வரும். மூன்று கிலோ வாங்கினேன். அவர் சரியாக நிறுத்தார். மேலே ஒரு கை அள்ளி வைத்தார், வேண்டாம் என்றேன், வைத்தார். அதில் பாதி பூச்சி பிடித்து வீணானது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நான்கு தடவை ஒடுகத்தூர் சந்தைக்குப் போனேன். அந்த இடத்தில் வேறு யாரோ தக்காளி வைத்திருந்தார்கள்.

1981-இல் தணிக்கைக் குறிப்பு வந்தது. அனுமதித்த பதினொரு பேருக்கு மேல் பன்னிரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுத்தது எப்படி என்று கேட்டிருந்தார்கள். விளக்கத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதாக எழுதியதில் இரண்டே வரி. அவர் இல்லாமல் ஓர் ஊரிலும் நுழைந்திருக்க முடியாது. அன்று குழுவில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அது ஏற்கப்படவில்லை. மாதம் பதினொரு ரூபாய் ஐம்பது காசாக ஏழு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். எண்பது ரூபாய் ஐம்பது காசு. அன்று என் பையிலிருந்து போன ஸ்டாம்பு இருபது காசு. மொத்தம் எண்பது ரூபாய் எழுபது காசு.